ஜன்னலுக்கு வெளியே நின்ற குரல்: செவ்வியல் நாவல்களும் ராக் இசையும்

எமிலி பிராண்ட்டி 1847இல் வெளியிட்ட 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில், பனிப்பொழிவில் சிக்கி ஒரு மேட்டு வீட்டில் இரவு தங்க நேர்ந்த லாக்வுட் என்ற வெளியூர்க்காரர் ஒரு கனவு காண்கிறார். ஜன்னலில் உரசும் மரக்கிளையின் ஓசையை நிறுத்துவதற்காகக் கண்ணாடியை உடைத்துக் கையை நீட்டுகிறார். கிளைக்குப் பதிலாகப் பனிக்கட்டியைப் போல் குளிர்ந்த ஒரு சிறு கை அவருடைய கையைப் பற்றிக்கொள்கிறது. தன்னை உள்ளே விடும்படி ஒரு குரல் அழுகிறது. இருபது ஆண்டுகளாக அலைந்துகொண்டிருப்பதாகச் சொல்கிறது. அச்சம் தாளாமல் லாக்வுட் அந்த மணிக்கட்டை உடைந்த கண்ணாடியின் விளிம்பில் இரத்தம் வழியும்வரை தேய்க்கிறார். பிடி தளர்ந்ததும், துளையை அடைப்பதற்காக அங்கே கிடந்த புத்தகங்களை அவசரமாக அடுக்கி வைக்கிறார்.

இந்தக் காட்சிக்கு 130 ஆண்டுகளுக்குப் பிறகு, 1977 மார்ச் மாதத்து இரவொன்றில், கேட் புஷ் என்ற 18 வயதுப் பெண் பியானோவின் முன் அமர்ந்து சில மணி நேரத்தில் ஒரு பாடலை எழுதி முடித்தார். நாவலை அவர் அப்போது முழுமையாகப் படித்திருக்கவில்லை. 1967இல் பிபிசி தயாரித்த தொலைக்காட்சித் தொடரின் இறுதிப் பகுதியைப் பார்த்திருந்தார். ஜன்னலும் கையும் குரலும் அவர் மனத்தில் தங்கிவிட்டன. அதன் பிறகே நாவலைப் படித்து, எமிலியும் தானும் ஜூலை 30 என்ற ஒரே நாளில் பிறந்தவர்கள் என்பதையும் அறிந்துகொண்டார். முதல் இசைத்தட்டாக வேறொரு பாடலை வெளியிட இசை நிறுவனம் விரும்பியபோதும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1978 ஜனவரியில் நாவலின் பெயரிலேயே வெளியான அந்தப் பாடல் மார்ச் மாதம் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தை அடைந்து நான்கு வாரங்கள் அங்கேயே இருந்தது. தானே எழுதிய பாடலால் அந்த இடத்தைப் பிடித்த முதல் பெண் கலைஞர் அவர்.

வெற்றியைக் காட்டிலும் கவனிக்கத்தக்கது, பாடலைப் பாடுபவர் நிற்கும் இடம். நாவலில் நாம் லாக்வுட்டோடு அறைக்குள் இருக்கிறோம். குரல் வெளியிலிருந்து வருகிறது. பாடலில் நாம் ஆவியோடு வெளியே, குளிரில், நிற்கிறோம். ஜன்னல் அதேதான், நாம் நிற்கும் பக்கம்தான் மாறிவிட்டது. நாவலில் அந்த ஆவியான கேதரினுடைய வாழ்க்கை நமக்கு நேரடியாகக் கிடைப்பதில்லை: அவளை வளர்ந்த நாளிலிருந்து அறிந்த வீட்டுப் பணிப்பெண் நெல்லி டீன் லாக்வுட்டிடம் சொல்ல, லாக்வுட் அதை நமக்காக எழுதிவைக்கிறார். இரண்டு ஆட்களின் வழியாக வடிகட்டி வருவதால், கேதரினின் ஆவேசத்தின் மீது நெல்லியின் கண்டிப்பும் லாக்வுட்டின் தயக்கமும் எப்போதும் படிந்திருக்கின்றன. கேட் புஷ் அந்த இருவரையும் ஒரே வீச்சில் அகற்றிவிட்டார். லாக்வுட் அடுக்கிய புத்தகங்கள் ஜன்னலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன என்றே சொல்லலாம். தான் கேத்தி என்றும், வீடு திரும்பிவிட்டதாகவும், குளிர்கிறது என்றும், தான் காதலித்த ஹீத்கிளிஃப்பை நேரே அழைத்து அவளே சொல்கிறாள். இயல்பான பேச்சுக்குரலைவிட மிக உயரத்தில், குழந்தைக்குரலுக்கும் ஆவிக்குரலுக்கும் இடையே நிற்கும் அந்தச் சுருதி, ஒரு பாடகியின் அலங்காரமாக அமையாமல், பாத்திரத்தின் உடலாகவே அமைந்துவிடுகிறது.

செவ்வியல் நாவல்கள் ராக் இசையை எப்படிப் பாதித்தன என்ற கேள்விக்கு, எந்தப் பாடல் எந்த நாவலைப் பற்றியது என்ற பட்டியலே பெரும்பாலும் பதிலாகத் தரப்படுகிறது. அந்தப் பட்டியலை எத்தனை நீளத்துக்கும் இழுக்கலாம்; ஆனால் நாவலிலிருந்து பாடலுக்குள் உண்மையில் எது நகர்ந்தது என்பதை அது சொல்வதில்லை. தமிழ் வாசகருக்கு இதற்கு ஒரு நல்ல சொல் கையிலேயே இருக்கிறது. நம் சங்க அகப்பாடல்கள் 'தலைவி கூற்று', 'தோழி கூற்று', 'செவிலி கூற்று' என்றே வகுக்கப்பட்டுள்ளன. பின்னால் ஒரு முழுக் கதை இருக்கலாம். பாடலுக்குள் வருவது அந்தக் கதையின் ஒரு கணத்தில், ஒருவர் இன்னொருவரிடம் பேசும் பேச்சு மட்டுமே. ராக் இசை நாவல்களிடம் செய்ததும் இதைத்தான் என்பது என் கருத்து. மூன்று முதல் ஏழு நிமிடம் ஓடும் ஒரு பாடல், பல்லவி திரும்பத் திரும்ப வந்தே தீரவேண்டிய ஒரு வடிவம், நானூறு பக்கக் கதையைச் சுமக்காது. அதனால் அது கதையை இறக்கி வைத்துவிட்டு ஒரு கூற்றை எடுத்துக்கொள்கிறது.

இந்த உறவு 1960களின் நடுப்பகுதியிலிருந்து வலுத்ததற்குப் பொருள் சார்ந்த காரணங்கள் உண்டு. 1948இல் அமெரிக்காவில் அறிமுகமான நெடுநேர இசைத்தட்டு, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் இடம் தந்தது. அந்த இடத்தை ஒரே கருத்தால் நிரப்பலாம் என்ற எண்ணம் 1960களில் ராக் குழுக்களிடம் பரவியது. பாடல் வரிகளை உறையில் அச்சிடும் வழக்கம் 1967க்குப் பிறகு பெருகியதால், வரிகள் வாசிக்கப்படும் பொருளாகவும் ஆயின. இன்னொரு பக்கம் மலிவுப் பதிப்புகள். பிரிட்டனில் பென்குயின் நிறுவனம் 1935இலேயே ஆறு பென்ஸ் விலையில் நல்ல நூல்களைத் தரத் தொடங்கியிருந்தது. டோல்கீனின் 'மோதிரங்களின் தலைவன்' அமெரிக்காவில் மலிவுப் பதிப்பாக வந்தது 1965இல்; அதன் பின்னரே அது கல்லூரி மாணவர்களின் அறைகளுக்குள் நுழைந்தது. நான்கே ஆண்டுகளில், 1969இல், லெட் செப்பெலின் குழுவின் 'ராம்பிள் ஆன்' பாடலில் அந்தக் கதையின் மோர்டோர் என்ற நாடும் கொல்லம் என்ற பாத்திரமும் பெயரோடு வந்துவிட்டன. 2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற பாப் டிலன், மறு ஆண்டு அளித்த உரையில், பள்ளிக் காலத்தில் படித்த நூல்களிலிருந்தே மனித இயல்பைப் பற்றிய பார்வை தனக்குக் கிடைத்தது என்று சொல்லி, 'மோபி டிக்', 'மேற்கு முனையில் எல்லாம் அமைதி', ஹோமரின் 'ஒடிஸி' ஆகிய மூன்றையும் விரிவாக எடுத்துப் பேசினார். அந்தத் தலைமுறையில் பாட்டு எழுதியவர்கள் நாவல் படித்தவர்களாக இருந்தார்கள், கேட்டவர்களும் அப்படியே.

பெயரளவில் நிற்கும் தொடர்பை இங்கே தள்ளி வைத்துவிடலாம். ஸ்டெப்பன்வுல்ஃப் குழு ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 1927ஆம் ஆண்டு நாவலிடமிருந்தும், யூரையா ஹீப் குழு டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' பாத்திரத்திடமிருந்தும் பெயரைப் பெற்றன. லெட் செப்பெலினின் 'மோபி டிக்' வார்த்தைகளே இல்லாத ஒரு டிரம்ஸ் தனியாவர்த்தனம். இவற்றில் நாவல் ஒரு முகவரியாக மட்டுமே இருக்கிறது. அதே மோபி டிக்கை மாஸ்டடான் குழு 2004இல் 'லெவையதன்' தொகுப்பில் கையாண்டபோதுதான், திமிங்கிலத்தைத் துரத்துபவனின் வெறி கிதார்களின் எடையாக மாறியது.

ரோலிங் ஸ்டோன்ஸின் 'சிம்பதி ஃபார் த டெவில்' நெடிது பேசப்படவேண்டிய பாடல். ஏனென்றால் அதில் நாவலும் பாடலும் சந்தித்த வேகமே வியப்பானது. மிகயீல் புல்ககோவ் 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்' நாவலை 1928இல் தொடங்கினார். 1930இல் கைப்படியைத் தீயிலிட்டார். மறுபடியும் எழுதத் தொடங்கி, 1940 மார்ச்சில் இறக்கும்வரை திருத்திக்கொண்டிருந்தார். ஸ்டாலின் காலத்தில் அதை அச்சிடுவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். மனைவி எலெனா அந்தப் பிரதியைக் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பாதுகாத்தார். 1966 நவம்பரிலும் 1967 ஜனவரியிலும், தணிக்கையாளர்கள் பல பகுதிகளை வெட்டிய பிறகு, 'மாஸ்க்வா' இதழில் அது இரண்டு பகுதிகளாக வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்புகள் 1967இல் வெளியாயின. பாடகி மரியான் ஃபெய்த்ஃபுல் ஒரு பிரதியை மிக் ஜாகரிடம் கொடுத்தார். 1968 ஜூனில் லண்டன் ஒலிம்பிக் ஒலிப்பதிவுக்கூடத்தில் பாடல் உருவாகிக்கொண்டிருந்தது. இருபத்தாறு ஆண்டுகள் மேசையறைக்குள் கிடந்த ஒரு நாவல், அச்சேறிய ஓரிரு ஆண்டுக்குள் ராக் பாடலாக வெளிவந்துவிட்டது.

நாவலின் தொடக்கத்தில், மாஸ்கோவின் பத்ரியார்ஷி குளக்கரைப் பூங்காவில், இயேசு என்று ஒருவர் இருந்ததே இல்லை என்று ஓர் இதழாசிரியர் இளங்கவிஞன் ஒருவனுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார். நன்றாக உடுத்திய ஓர் அந்நிய நாட்டுக் கனவான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உரையாடலில் சேர்ந்துகொள்கிறார். இயேசுவுக்குப் பிலாத்து தீர்ப்பளித்தபோது தான் அங்கே இருந்ததாகவும், தத்துவஞானி கான்ட்டோடு காலை உணவு உண்டதாகவும் சொல்கிறார். அவர்தான் வோலண்ட், சாத்தான். ஜாகர் எடுத்துக்கொண்டது இந்தக் கனவானின் மரியாதையைத்தான். செல்வமும் ரசனையும் உள்ளவனாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் குரல், பிலாத்துவின் கை கழுவலையும், ரஷ்யப் புரட்சியில் ஜார் குடும்பம் கொல்லப்பட்டதையும், இரண்டாம் உலகப் போரையும் தான் உடனிருந்து பார்த்த நிகழ்ச்சிகளாக எண்ணிச் செல்கிறது. மாஸ்டர் இல்லை, மார்கரீட்டா இல்லை, அவர்களுடைய காதலும் இல்லை. பிரெஞ்சுக் கவிஞர் பாதலேரின் தாக்கத்தையும் ஜாகர் பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே புல்ககோவ் ஒருவரே மூலம் என்று சொல்வது மிகையாகும். என்றாலும், தீமை உரத்துக் கத்தாமல் நயமாகப் பேசும் என்ற அந்தத் தொனிக்கு வோலண்டைவிட நெருக்கமான உறவினர் யாரும் இல்லை.

ஒலிப்பதிவின்போது நடந்த இரண்டு மாற்றங்கள் இங்கே முக்கியம். நாட்டுப்பாடல் போன்ற நடையில் தொடங்கிய பாட்டு, பல முயற்சிகளுக்குப் பின், கொங்கா முழவுகளோடு சாம்பா தாளத்துக்கு மாறியது. பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் ஜான்-லுக் கொதார் அந்த நாள்களில் ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் படம் பிடித்துக்கொண்டிருந்ததால், இந்த மாற்றத்தைக் கண்ணாலேயே காண முடிகிறது. ஆடத் தூண்டும் ஒரு தாளத்தின் மீது கொலைகளின் பட்டியல் ஓடுவதால், கேட்பவரின் உடல் சாத்தானோடு சேர்ந்து அசையத் தொடங்குகிறது. நாவலின் வாசகருக்கு வோலண்டின் மீது ஏற்படும் சங்கடமான ஈர்ப்பை இசை தன் வழியில் இப்படி உண்டாக்கிவிட்டது. இரண்டாவது மாற்றம் வரலாறு செய்தது. பாடலில் கென்னடியைக் கொன்றது யார் என்று ஒருமையில் ஒரு கேள்வி இருந்தது. ஜூன் 6 அன்று ராபர்ட் கென்னடியும் சுடப்பட்டு இறந்ததும், அந்தப் பெயர் பன்மையாக மாற்றப்பட்டது. புல்ககோவின் சாத்தான் எல்லாக் காலத்திலும் உடனிருப்பவன். அவனுடைய பாடலும் அந்த வாரத்துச் செய்தியை உள்வாங்கிக்கொண்டது.

அதற்கு முந்தைய ஆண்டில் ஜெஃபர்சன் ஏர்பிளேன் வெளியிட்ட 'ஒயிட் ராபிட்' பாடலில் இன்னொரு வகை உரிமை எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. கிரேஸ் ஸ்லிக் எழுதிய அந்தப் பாடல், லூயிஸ் கேரலின் 1865ஆம் ஆண்டு ஆலிஸை, ஸ்பானியப் பொலேரோவின் படிப்படியான ஏற்றத்தில் வைத்து, இறுதியில் டார்மவுஸ் என்ற சிற்றெலி சொன்னதாக ஒரு கட்டளையோடு முடிகிறது. கேரலின் நூலில் அந்த எலி அப்படி எதையும் சொல்வதில்லை. பாத்திரத்தின் வாயில் இல்லாத கூற்றை வைத்து, அதை மூலத்தின் பெயரிலேயே உலகம் நினைவில் கொள்ளும்படி செய்யும் வல்லமை பாட்டுக்கு உண்டு.

கதையை முழுதாகச் சொல்ல முயன்ற ராக் கலைஞர்களும் இருந்தார்கள். ரிக் வேக்மன், ஜூல் வெர்னின் 'பூமியின் மையத்துக்கு ஒரு பயணம்' நாவலை 1974 ஜனவரியில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் அரங்கில் பெரும் வாத்தியக் குழுவோடும் பாடகர் குழுவோடும் நிகழ்த்தினார். நடிகர் டேவிட் ஹெமிங்ஸ் கதையை இடையிடையே வாசித்தார். ஜெஃப் வெய்ன் 1978இல் எச். ஜி. வெல்ஸின் 'உலகங்களின் போர்' நாவலை இரட்டை இசைத்தட்டாக்கியபோது, ரிச்சர்ட் பர்ட்டன் கதையைச் சொன்னார். இரண்டும் பெரும் வெற்றி பெற்றவை. நான் விரும்பிக் கேட்பவை. ஆனால் இரண்டிலும் கதையை நகர்த்துவதற்குப் பாடாத ஓர் ஆளை அழைத்துவர வேண்டியிருந்தது. பாட்டு தன் வேலையைச் செய்ய, கதை இன்னொருவரின் பேச்சில் தனியாக நடந்தது.

ஜான் ஸ்டைன்பெக்கின் 1939ஆம் ஆண்டு நாவலான 'கோபத்தின் கனிகள்' வேறு வகைப் பயணம் மேற்கொண்டது. ஓக்லஹோமாவின் வறண்ட நிலங்களிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் பிழைக்கப் போகும் ஜோட் குடும்பத்தின் கதை அது. 1940இல் ஜான் ஃபோர்ட் அதைப் படமாக்கினார். அதே ஓக்லஹோமாவில் பிறந்த நாட்டுப்பாடகர் வூடி கத்ரி படத்தைப் பார்த்துவிட்டு, 'ஜான் ஹார்டி' என்ற பழைய மெட்டில் 'டாம் ஜோட்' பாடலை எழுதினார். கதையை ஏறக்குறைய முழுவதும் சொல்லப் பார்த்ததால் பாட்டு நீண்டுபோய், அன்றைய 78 சுழற்சித் தட்டின் இரு பக்கங்களிலும் இரண்டு பகுதியாகப் பிரித்துப் பதிய வேண்டியிருந்தது. கதைப்பாடல் என்ற பழைய மரபில் நின்றவர் என்பதால் கத்ரிக்கு அது இயல்பாக வந்தது.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1995இல் 'டாம் ஜோடின் ஆவி' என்ற பெயரில் எழுதிய பாடலில் ஜோட் குடும்பத்தின் கதை எதுவும் இல்லை. தொண்ணூறுகளின் அமெரிக்கா, காரில் உறங்குபவர்கள், பாலத்தடியில் வாழ்பவர்கள், வேலையில்லாதவர்கள். அவர்களில் ஒருவன் நெருப்பருகே அமர்ந்து டாம் ஜோடின் ஆவிக்காகக் காத்திருக்கிறான். இறுதிச் சரணத்தில்தான் டாம் பேசுகிறான்: நாவலில் தாயைப் பிரியும்போது, பசித்தவர்கள் போராடும் இடத்திலெல்லாம், காவலர் ஒருவனை அடிக்கும் இடத்திலெல்லாம் தான் இருப்பதாகச் சொல்லும் அந்த விடைபெறும் பேச்சு. ஒரு கூற்றுக்காக ஏங்கி, அதை இறுதியில் கேட்கும் பாடல் இது. ஸ்பிரிங்ஸ்டீன் அதை வாய்க்குள் முணுமுணுப்பதுபோல் பாடுகிறார். 1997இல் ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழு அதே வரிகளைக் கனத்த கிதார்களோடு சீற்றமாகப் பாடியபோது, காத்திருப்பு மறைந்து டாம் நேரில் வந்துவிட்டதுபோல் இருந்தது. வரி மாறவில்லை, யார் பேசுகிறார்கள் என்ற உணர்வு மாறிவிட்டது.

ஜார்ஜ் ஆர்வெல் இதில் தனி இடம் கோருபவர், ஏனென்றால் அவருடைய விஷயத்தில் சட்டமும் குறுக்கிட்டது. 1949இல் வெளியான '1984' நாவலை இசைநாடகமாக்க டேவிட் போவி விரும்பினார். ஆர்வெலின் மனைவி சோனியா அனுமதி மறுத்துவிட்டார். எழுதி வைத்திருந்த பாடல்கள் 1974இல் 'டைமண்ட் டாக்ஸ்' தொகுப்புக்குள் சென்றன. 'பிக் பிரதர்', 'வி ஆர் த டெட்' என்ற தலைப்புகள் அந்தக் கைவிடப்பட்ட திட்டத்தின் எச்சங்கள். இரண்டாவது தலைப்பு நாவலில் முக்கியமான ஒரு தருணத்திலிருந்து வருவது: நாம் இறந்தவர்கள் என்று வின்ஸ்டன் சொல்ல, ஜூலியா அதையே திரும்பச் சொல்ல, சுவருக்குப் பின்னாலிருந்து ஓர் இரும்புக்குரல் 'நீங்கள் இறந்தவர்கள்' என்கிறது. முழு நாவலும் மறுக்கப்பட்ட நிலையில், போவியின் கையில் தங்கியது காதலர்களின் அந்த ஒற்றை வாக்கியமே. அனுமதி கிடைத்திருந்தால் நமக்கு ஒரு முழு நாடகம் கிடைத்திருக்கும். இந்தச் சிதைந்த, காய்ச்சல் பிடித்த இசைத்தட்டு கிடைத்திருக்காது. எனக்கு இதில் வருத்தமில்லை.

பிங்க் ஃபிளாய்ட் 1977இல் வெளியிட்ட 'அனிமல்ஸ்' தொகுப்பை ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை' நாவலின் இசை வடிவம் என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. அதன் இரண்டு நீண்ட பாடல்கள் 1974லேயே வேறு பெயர்களில் மேடையில் பாடப்பட்டவை. பிறகுதான் ரோஜர் வாட்டர்ஸ் மனிதர்களை நாய்கள், பன்றிகள், ஆடுகள் என்று பிரிக்கும் சட்டகத்துக்குள் அவற்றைப் பொருத்தினார். ஆர்வெலின் பன்றிகள் ஒரு புரட்சியைக் களவாடியவை. அவர் தாக்கியது ஸ்டாலினின் சோவியத் ஆட்சியை. வாட்டர்ஸின் நாய்கள் ஒருவரை ஒருவர் கடித்து முன்னேறும் வணிக உலகத்தினர்; அவர் தாக்கியது தன் காலத்து பிரிட்டனை. ஆர்வெலின் ஆடுகள் சொல்லிக்கொடுத்த முழக்கத்தைக் கடைசிவரை கத்துகின்றன. வாட்டர்ஸின் ஆடுகள் பைபிளின் 23ஆம் சங்கீதத்தைத் திரித்து ஓதிவிட்டு நாய்கள் மீது பாய்கின்றன. இங்கே நாவல் தந்தது ஓர் உருவக முறையை மட்டுமே. பேச்சு முழுக்க வாட்டர்ஸுடையது.

உரிமை மறுப்பு என்பது அடிக்கடி நேர்ந்தது. அயர்ன் மெய்டன் குழு 1983இல் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டூன்' நாவலைப் பற்றிய பாடலுக்கு அந்தப் பெயரையே வைக்க அனுமதி கேட்டது. ஹெர்பர்ட் மறுத்ததால் பாடல் 'டு டேம் எ லேண்ட்' என்று வெளிவந்தது. கேட் புஷ் 1980களின் இறுதியில் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசஸ்' நாவலின் முடிவில் வரும் மோலி புளூமின் தன்னுரையை அப்படியே இசையமைக்க விரும்பினார். ஜாய்ஸின் வாரிசுகள் மறுத்தார்கள். அவர் தானே ஒரு வரித்தொகுப்பை எழுதி, அச்சுத்தாளிலிருந்து வெளியேறிப் புலன்களின் உலகுக்குள் கால் வைக்கும் மோலியாகப் பாடினார். 1989இல் வந்த 'த சென்சுவல் வேர்ல்ட்' அதுதான். 2011இல் அனுமதி கிடைத்தபோது, அதே இசையின் மீது ஜாய்ஸின் சொற்களை வைத்து 'ஃபிளவர் ஆஃப் த மவுண்டன்' என்று மறுபடி வெளியிட்டார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர், பதிப்புரிமை காப்பது சொற்களைத்தான் என்பதையும், பாத்திரத்தின் மூச்சை அது பூட்டிவைக்க முடியாது என்பதையும் காதாலேயே உணரலாம்.

கூற்றை மட்டும் பிரித்தெடுப்பதில் ஆபத்தும் இருக்கிறது. வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் 'அந்நியன்' என்று தமிழ் வாசகர் அறிந்த அல்பேர் காமுவின் 1942ஆம் ஆண்டு நாவலில், மெர்சோ கடற்கரை வெயிலில் பெயரற்ற ஓர் அரபு இளைஞனைச் சுடுகிறான். அது முதல் பகுதியின் முடிவு. இரண்டாம் பகுதி முழுவதும் சிறையும் நீதிமன்றமும். கொலையைவிட, தாயின் இறுதிச் சடங்கில் அழாததே அவனுடைய பெருங்குற்றமாக அங்கே பேசப்படுகிறது. த க்யூர் குழுவின் ராபர்ட் ஸ்மித் 1978 டிசம்பரில் வெளியிட்ட 'கில்லிங் அன் அரப்' கடற்கரையை மட்டும் எடுத்துக்கொண்டது. இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் பாடல்; மணல், வெயில், துப்பாக்கி, எதையும் உணராத ஒருவன். நாவலைப் படித்தவருக்கு அந்த வெறுமை தெளிவாகக் கேட்கும். படிக்காதவருக்குத் தலைப்பு மட்டுமே கேட்டது. இனவெறியர்கள் அதைத் தங்கள் பாடலாக எடுத்துக்கொள்ளும் நிலை வந்தது. 1986இல் அமெரிக்காவில் வெளியான தொகுப்பின் உறையில், அரபு மக்களுக்கு எதிரான வெறுப்பைக் கண்டிக்கும் குறிப்பை ஒட்டவேண்டியிருந்தது. பின்னாளில் மேடையில் அந்த வரியையே ஸ்மித் மாற்றிப் பாடினார். இதில் ஸ்மித்தின் நோக்கம் பிழையானது என்று நான் நினைக்கவில்லை. நாவலின் இரண்டாம் பகுதி செய்யும் வேலையைப் பாட்டால் செய்ய முடியவில்லை. கொல்லப்பட்டவனுக்குப் பெயரே இல்லை என்ற குறை மூலத்திலேயே இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவுத் 2013இல் எழுதிய நாவலில்தான் அவனுக்கு மூசா என்ற பெயரும், அவனுக்காகப் பேசும் ஒரு தம்பியும் கிடைத்தார்கள்.

சொற்கள் கைவிடும் இடத்தில் இசை எதைச் செய்ய முடியும் என்பதற்கு மெட்டாலிகாவின் 'ஒன்' பாடலைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. டால்ட்டன் டிரம்போவின் 'ஜானி காட் ஹிஸ் கன்' 1939 செப்டம்பரில், இரண்டாம் உலகப் போர் வெடித்த அதே மாதத்தில், வெளியானது. முதல் உலகப் போரில் குண்டடிபட்ட ஜோ பான்ஹம், கை, கால், முகம், கண், காது, நாக்கு அனைத்தையும் இழந்து மருத்துவமனைக் கட்டிலில் விழித்தெழுகிறான். தோலில் படும் வெயிலையும் கட்டில் அதிர்வையும் கொண்டு நாள்களை எண்ணுகிறான். இறுதியில் தலையைத் தலையணையில் இடித்து இடித்து மோர்ஸ் குறிப்பில் பேசுகிறான். தன்னை ஊர் ஊராகக் காட்டி, போர் என்றால் இதுதான் என்று மக்களுக்குச் சொல்லுங்கள் என்பது அவன் வேண்டுகோள். விதிகள் அதற்கு இடம்கொடுக்கவில்லை என்பது பதில்.

குரலே இல்லாத ஒருவனுக்குப் பாட்டில் குரல் கொடுப்பது எப்படி? 1988இல் வந்த ஏழரை நிமிடப் பாடல் மெதுவான, தெளிந்த கிதாரோடு, ஏறக்குறைய தாலாட்டுப் போலத் தொடங்குகிறது. ஜோவின் தலைக்குள் ஓடும் எண்ணமாக ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் பாடுகிறார். பாதிக்கு மேல் சென்றதும், இரண்டு மிதிகளால் அடிக்கப்படும் டிரம்ஸும் கிதார்களும் சேர்ந்து ஒரே சீரான வெடிப்புத் தொடராகப் பொழிகின்றன. அதை இயந்திரத் துப்பாக்கியாகக் கேட்கலாம். தலையணையில் இடிபடும் தலையாகவும் கேட்கலாம். இரண்டும் ஒன்றே என்பதுதான் நாவலின் உள்ளடக்கம். டிரம்போவுக்கு அதைச் சொல்லப் பல அத்தியாயங்கள் தேவைப்பட்டன. பாடலின் காணொளிக்கு, டிரம்போ தன் நாவலைக் கொண்டு தானே 1971இல் இயக்கிய படத்தின் காட்சிகளைக் குழுவினர் பயன்படுத்தினார்கள். அதே குழு 1984இல் ஹெமிங்வேயின் ஸ்பானிய உள்நாட்டுப் போர் நாவலிலிருந்து, மலையுச்சியில் சூழப்பட்டு விமானக் குண்டுவீச்சில் மடியும் ஐந்து பேரின் அத்தியாயத்தை மட்டும் எடுத்து 'ஃபார் ஹூம் த பெல் டோல்ஸ்' பாடலை எழுதியிருந்தது. நாயகன் ராபர்ட் ஜோர்டானும், அவன் தகர்க்க வேண்டிய பாலமும் அதில் இடம்பெறவில்லை.

இப்படி ஒரு கூற்றின் வழியாக நாவலை அறிந்த ஒருவர், பிறகு புத்தகத்தைத் தேடிப் போகும்போது என்ன காண்கிறார்? கேட் புஷ்ஷின் பாடலைக் கேட்டு 'வுதரிங் ஹைட்ஸ்' வாங்கியவர், 34 அத்தியாயங்கள் கொண்ட அந்த நூலின் 16ஆம் அத்தியாயத்திலேயே கேதரின் இறந்துவிடுவதைக் காண்பார். மீதிப் பாதி அவளுடைய மகளுக்கும் ஹீத்கிளிஃப்பின் நீண்ட பழிவாங்கலுக்கும் உரியது. அதையும் சொல்பவர் நெல்லிதான். பாட்டில் கேட்ட அந்தக் குரலை நேரடியாகக் கேட்கும் வாய்ப்பு லாக்வுட்டின் கனவிலும், பழைய நூலொன்றின் ஓரங்களில் சிறுமி கேதரின் கிறுக்கிவைத்த நாட்குறிப்பிலும், நெல்லி நினைவிலிருந்து திருப்பிச் சொல்லும் பேச்சுகளிலும் மட்டுமே உண்டு. நாவலின் கடைசிப் பத்தியில் லாக்வுட் மூன்று கல்லறைகளின் அருகே நின்று, இதமான வானத்தின் கீழ், புல்லில் மூச்சுவிடும் காற்றைக் கேட்டபடி, இவ்வளவு அமைதியான மண்ணில் உறங்குபவர்களுக்கு உறக்கம் அமைதியாக இராது என்று யாரால் கற்பனை செய்ய முடியும் என்று வியக்கிறார். அந்தக் குளிர்ந்த கையை உடைந்த கண்ணாடியில் தேய்த்தவர் அவரேதான்.